ஆறு ஏக்கர் வெயிலில் லாரி ஓட்ட முடியுமா?

கேட்டவர் நாமக்கல்காரர், 14 லாரிகள் வைத்திருக்கிறார். ஒட்டப்பிடாரம் பக்கம் அவருக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பொய்த்தால் அங்கே எதுவும் விளையாது, வெயிலுக்கு மட்டும் குறைவில்லை. "அதில் சோலார் போட்டு, தண்ணீரைப் பிரித்து பசுமை ஹைட்ரஜன் எடுத்து, என் லாரிகளுக்கே போட்டு ஓட்டினால் டீசல் செலவே இருக்காதே? தூத்துக்குடித் துறைமுகத்திலேயே ஹைட்ரஜன் ஆலை வந்துவிட்டது என்கிறார்கள். நான் ஏன் செய்யக்கூடாது?" என்பது அவர் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்ய முடியும், ஆனால் செய்யாதீர்கள். அந்த நிலத்து வெயிலை ஹைட்ரஜனாக்கினால் உங்களுடைய மூன்று லாரிகள் ஓடும். அதே வெயிலை நேராக பேட்டரியில் ஏற்றினால் ஒன்பது லாரிகள் ஓடும். இனி எழுதப்போவதெல்லாம் இந்த மூன்றும் ஒன்பதும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான். போடப்போவது உங்கள் பணம் என்பதால் கணக்கை முழுதாகவே எழுதுகிறேன்.

நான் 26 வருடம் ஒரு காஸ்டிக் சோடா ஆலையில் இருந்தவன். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின் வரும், மறுபக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக் எடுத்தால் கூடவே 25 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். ஆக, பசுமை என்ற பெயர் ஒட்டிக்கொள்வதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த வாயுவோடு பழகியவன். இதன்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. நாட்டுக்கு இது கட்டாயம் வேண்டும் என்று நம்புகிறேன். இருக்கவேண்டிய இடம் லாரி டேங்க் இல்லை என்பதுதான் என் கருத்து.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மெகாவாட் சோலாருக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர் வேண்டும், எனவே உங்கள் ஆறு ஏக்கரில் ஒன்றரை மெகாவாட் வரும். தூத்துக்குடி வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் குறையும், மாசி பங்குனியில் கூடும். வருடச் சராசரிக்கு ஒரு நாளைக்கு 6,000 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு எலக்ட்ரோலைசர் என்று பெயர். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க அதற்கு 50 முதல் 55 யூனிட் ஆகிறது. பம்பு, குளிர்விப்பு, வாயுவை உலர்த்திச் சுத்தம் செய்வது, பிறகு வண்டிக்கு ஏற்ற 350 பார் அழுத்தத்துக்கு கம்பிரசரில் கொண்டுபோவது எல்லாம் சேர்ந்தால் 60 யூனிட்டைத் தொட்டுவிடும். 6,000 யூனிட்டுக்கு 100 கிலோ. இதுதான் உங்கள் நிலத்தின் ஒரு நாள் விளைச்சல்.

அந்த 100 கிலோ எத்தனை தூரம் ஓடும்? ஹைட்ரஜனை மின்சாரமாக்கி மோட்டாரை ஓட்டும் எரிபொருள் கலம், அதாவது ஃபியூயல் செல் லாரி, முழுப் பாரத்தோடு 100 கிலோமீட்டருக்கு எட்டு முதல் பத்து கிலோ ஹைட்ரஜன் குடிக்கும். ஒன்பது என்று வைத்தால் மொத்தம் 1,100 கிலோமீட்டர். உங்கள் வண்டி ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர் ஓடினால் மூன்று வண்டிக்குக் காணும்.

அதே 6,000 யூனிட்டை சார்ஜர் வழியாக பேட்டரியில் ஏற்றுங்கள். வழியில் ஏழில் ஒரு பங்கு வீணாகும், 5,100 யூனிட் சக்கரத்துக்கு வந்து சேரும். கனரக லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் போட்டால் 3,400 கிலோமீட்டர். ஒன்பது வண்டிகள், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 33 யூனிட்தான். 60 யூனிட் போட்டு 33 எடுத்திருக்கிறோம். ஃபியூயல் செல் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும், மீதி வெப்பமாகப் போகும். 60 போட்டு 17 வாங்குகிறோம். நாளைக்கு இதைவிட நல்ல எலக்ட்ரோலைசர் வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும். ஆனால் இழப்பே இல்லாத எலக்ட்ரோலைசர் என்று ஒன்று வந்தாலும், சாதாரண வெப்பநிலைத் தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 39 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அது இயற்கை போட்டிருக்கும் எல்லை. அந்த எல்லையிலேயே நின்று கணக்குப் பார்த்தாலும் பேட்டரிதான் முந்தும்.

தண்ணீரைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவது, அலசுவது எல்லாம் சேர்த்து 15 அல்லது 20 லிட்டர் என்று கொள்ளுங்கள். உங்கள் 100 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2,000 லிட்டர், ஒரு சின்ன டேங்கர். கடல்நீரைக் குடிநீராக்கினாலும் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட்தான் செலவு. பிரிப்பதற்கு ஆகும் 55 யூனிட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கடல்நீரை அப்படியே எலக்ட்ரோலைசருக்குள் விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் வரவேண்டிய பக்கத்தில் குளோரின் வரும். 26 வருடம் அந்தக் குளோரினைத்தான் நான் குழாயில் அடக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மேகம். காகிதக் கணக்கில் இது தெரியாது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்னச் சோதனை நிலையத்தை ஓட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேனலிலிருந்து நேராக எலக்ட்ரோலைசருக்கு மின்சாரம், நடுவில் பேட்டரி கிடையாது. பொட்டாஷ் காரக் கரைசலில் நிக்கல் தகடுகள் நிற்கும் அல்கலைன் வகை. காலையில் கரைசல் ஆறிக் கிடக்கும். அது 70 டிகிரிக்குச் சூடேறி இயந்திரம் சுறுசுறுப்பாக ஒன்பதரை ஆகிவிடும். பதினொரு மணிக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் குழாயில் எவ்வளவு ஹைட்ரஜன் கலந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் 0.5 சதவீதத்தில் நின்றது. தெற்கேயிருந்து ஒரு மேகம் வந்தது. ஆம்பியர் மடமடவென்று இறங்க, அந்த மீட்டர் ஏறத் தொடங்கியது. 0.8, 1.1, 1.5. காரணம் இதுதான்: இரண்டு வாயுவையும் பிரித்து வைக்கும் திரை வழியாக எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் கசிந்து வரும். முழு வேகத்தில் ஓடும்போது ஆக்சிஜன் நிறைய வருவதால் அந்தக் கசிவு கரைந்துபோகும். வேகம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும், கசிவு மட்டும் அதே அளவில் நிற்கும். நான்கு சதவீதம் போனால் தீப்பற்றும் கலவை. அதனால் இரண்டு சதவீதத்திலேயே இயந்திரம் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். அன்று அப்படித்தான் நின்றது. மேகம் ஆறு நிமிடத்தில் விலகிவிட்டது. நைட்ரஜன் விட்டு அலசி, சரிபார்த்து, மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இதற்கு வழிகள் இருக்கின்றன. நடுவில் பேட்டரி வைக்கலாம். பெம் என்ற சவ்வு வகை எலக்ட்ரோலைசர் வாங்கலாம், அது வெயிலின் ஏற்ற இறக்கத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் அதற்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுக்க வருடத்துக்குச் சில டன் மட்டுமே கிடைக்கும், பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் உலோகம் அது, விலையும் அதற்கேற்றபடிதான். அல்லது கிரிட் மின்சாரத்தை, அதாவது மின்வாரியக் கம்பியில் வரும் மின்சாரத்தை, வாங்கி இரவும் பகலும் ஓட்டலாம். அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. நம் நாட்டுக் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது. 55 யூனிட் எடுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்தால் 38 கிலோவுக்கு மேல். இயற்கை எரிவாயுவிலிருந்து பழைய முறையில் செய்தாலே ஒன்பது, பத்து கிலோதான். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வகுத்த விதிப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கரியமில வாயு இரண்டு கிலோவுக்குள் இருந்தால்தான் அதற்குப் பசுமை ஹைட்ரஜன் என்று பெயர்.

ஆக வெயிலோடுதான் ஓட்டவேண்டும். முழு வேகத்தில் ஓடுவது ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்குச் சமம். மீதி நேரமெல்லாம் கோடிக்கணக்கில் வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கும், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். உங்களுக்குத் தெரியாததா? லோடு கிடைக்காமல் பேட்டையில் நிற்கும் லாரிக்கும் தவணை கட்டத்தானே வேண்டும்.

இனி அந்த வாயுவைப் பத்திரமாக வைப்பது. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11,000 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு தண்ணீர் லாரியின் தொட்டி முழுக்க ஒரே கிலோ. அதை 350 பாருக்கு அழுத்தினால் 40 லிட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் அடங்கும். கார்களில் 700 பார் வரை போகிறார்கள். லாரி டயரில் நீங்கள் அடிக்கும் காற்று எட்டு ஒன்பது பார் என்பதை நினைத்துக்கொண்டால் 350 என்றால் என்னவென்று புரியும். இந்த வாயு சில வகை எஃகுக்குள் நுழைந்து அதை உடையும்படி ஆக்கிவிடும். எந்த வால்வு, எந்தக் குழாய் என்று ஒவ்வொன்றையும் ஹைட்ரஜனுக்கென்றே தேர்ந்தெடுக்கவேண்டும். நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாமல் இதை அழுத்திச் சிலிண்டரில் நிரப்ப முடியாது.

அந்தக் கண்டிப்பு நியாயமானது. எங்கள் ஆலையில் ஒரு மதியம், வாயுவை வெளியே விடும் வென்ட் லைன் பக்கம் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. குழாயும் குழாயும் சேரும் ஏதோ ஒரு ஃபிளேஞ்சில் கசிவு. பற்றியிருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை, ஏனென்றால் ஹைட்ரஜன் எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. புகையும் வராது, தள்ளி நின்றால் அனலும் அவ்வளவாக உறைக்காது. என் மேஸ்திரி ஒரு தென்னந்துடைப்பத்தை எடுத்து, கை நீளத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்தார். இடுப்பு உயரத்தில், ஒன்றுமே இல்லாத காற்றில், துடைப்பத்தின் நுனி பொசுக்கென்று பற்றிக்கொண்டது. அங்கேயிருந்து இரண்டடி தள்ளி ஃபிளேஞ்ச். வெறும் ஆளாக நடந்திருந்தால் அந்த நெருப்புக்குள் கால் வைத்திருப்பார். இப்போது சுடரைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன, நல்லது. ஆனால் ஹைட்ரஜன் பங்க் வைப்பதென்றால் இப்படிப்பட்ட பொருளை இரவு ஷிப்டு ஆள் ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது. 2019 ஜூனில் நார்வேயின் ஆஸ்லோ பக்கம் சாண்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டி ஒன்றில் சில போல்ட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டதுதான் காரணம்.

ஹைட்ரஜனுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. காற்றைவிட 14 மடங்கு லேசானது, கசிந்தால் விர்ரென்று மேலே போய்விடும், பெட்ரோல் ஆவி மாதிரி தரையில் தேங்காது. அதனால் கூரை மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வைக்கவே கூடாது. திறந்த வெளியில், வேலியோடு, தள்ளி வைத்தால் சமாளிக்கலாம். நான் சொல்வது பயப்படுத்துவதற்காக இல்லை. ஆலையில் இதைக் கட்டி மேய்க்க 40 பேர் இருந்தோம், உங்களுக்கு அந்த வசதி இருக்காது என்பதுதான்.

பணத்துக்கு வருகிறேன். டீசலோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜன் என்ன விலைக்குள் வந்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகும்? 1,100 கிலோமீட்டருக்கு உங்கள் வண்டிகள் 300 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 93 ரூபாய் என்றால் 27,900 ரூபாய். அதை 100 கிலோவால் வகுத்தால் கிலோ 279 ரூபாய். வண்டியின் வாயில் ஊற்றும் விலை அதற்குள் வரவேண்டும், அதுவும் ஹைட்ரஜன் லாரியின் விலை டீசல் லாரியின் விலையே என்று வைத்துக்கொண்டால்தான். நிஜத்தில் அது பல மடங்கு கூடுதல். இப்போது இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கு வருடத்துக்கு 10,000 டன் பசுமை ஹைட்ரஜன் தர இந்தியன் ஆயில் 2025-ல் டெண்டர் முடித்தபோது வந்த விலை, வரி உட்பட, கிலோ 397 ரூபாய். உங்கள் நிலத்தைப் போல 270 மடங்கு பெரிய ஆலைக்கு, நீண்ட கால ஒப்பந்தத்தோடு, ஆலை வளாகத்துக்கே குழாயில் தரும் விலை அது. லாரிக்கு ஏற்ற அழுத்தமும், சேமிப்புத் தொட்டியும், பங்க்கும் அதற்கு மேல் ஆகும் செலவு.

பிரான்சில் மான்ட்பெலியே நகரம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 2022 ஜனவரியில் 51 ஹைட்ரஜன் பேருந்துகளுக்கான திட்டத்தைக் கைவிட்டது. ஹைட்ரஜன் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 95 சென்ட், மின்சாரப் பேருந்துக்கு 15 சென்ட் என்று அவர்களுக்கு வந்தது. பேருந்துகளை வாங்க மானியம் இருந்தது, ஓட்டும் செலவுக்குத்தான் வழி இல்லை. நம் சென்னையிலும் 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 தாழ்தளப் பேருந்துகளும் பேட்டரி வண்டிகள்தான்.

நீங்கள் கேட்ட தூத்துக்குடித் துறைமுக ஆலை பற்றியும் சொல்லவேண்டும். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் திறந்தது உண்மைதான். 3.87 கோடி ரூபாய் செலவில், ஒரு மணி நேரத்துக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும் முன்னோடித் திட்டம். 10 கன மீட்டர் என்றால் 0.9 கிலோ. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் ஒரு மின்வாகன சார்ஜருக்கும் அதிலிருந்து மின்சாரம் போகிறது. உங்கள் ஒரே ஒரு லாரியின் ஒரு நாள் ஓட்டத்துக்கு, அந்த ஆலை ஒன்றரை நாள் விடாமல் ஓடவேண்டும். ஊழியர்கள் கற்றுக்கொள்வதற்காக வைத்த ஆலை அது, அந்த வேலையை நன்றாகவே செய்யும். லாரி ஓட்டுவதற்கான அளவில் அதை யாரும் வைக்கவில்லை.

உங்கள் நிலத்தின் அளவுக்கு ஒரு திட்டத்தைப் பார்க்கவேண்டுமென்றால் லடாக்கில் லே நகரத்தைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 3,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி போகும் இடத்தில், தேசிய அனல்மின் கழகம் 1.7 மெகாவாட் சோலாரும், ஒரு நாளைக்கு 80 கிலோ ஹைட்ரஜன் தரும் நிலையமும், ஐந்து பேருந்துகளும் கொண்டுபோய் வைத்திருக்கிறது. நிலையம் 2024 நவம்பரில் தயாரானது. காற்று மெலிந்த இடம், எரிபொருளையே மலைப்பாதை ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும். குளிரில் பேட்டரி சுணங்கும். ஃபியூயல் செல் வீணாக்கும் வெப்பம்கூட அங்கே பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும். அந்த ஐந்து பேருந்துகளைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் பணத்தையும் பொறியாளர்களையும் போட்டு ஐந்து பேருந்து ஓட்டுவது வேறு, நீங்கள் வங்கிக் கடனில் மூன்று லாரி ஓட்டுவது வேறு. அது போக, ஒட்டப்பிடாரத்தில் எப்போது பனி பெய்தது?

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம். உங்கள் பேனலிலிருந்து வரும் 60 யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனாக்கி லாரியில் போட்டால் 11 கிலோமீட்டர் ஓடும், மூன்று லிட்டர் டீசல் மிச்சம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு, ஆக எட்டு கிலோ தவிர்க்கிறோம். அதே 60 யூனிட்டைப் பேட்டரி லாரிக்குக் கொடுத்தால் 34 கிலோமீட்டர், ஒன்பது லிட்டர் டீசல் மிச்சம், 25 கிலோ தவிர்க்கிறோம். சும்மா கிரிட்டுக்கு விற்றால்கூட அந்த அளவுக்கு நிலக்கரி மின்சாரம் குறைந்து, 40 கிலோ வரை தவிர்க்கிறோம். அந்த ஹைட்ரஜனையே லாரிக்குப் பதில் உர ஆலைக்குக் கொடுத்தால்? அங்கே ஏற்கெனவே எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்கிறார்கள். நம் கிலோ அந்தக் கிலோவின் இடத்தில் உட்கார்ந்தால் ஒன்பது பத்து கிலோ தவிர்க்கிறோம். 350 பார் வேண்டாம், ஃபியூயல் செல் வேண்டாம், புது லாரி வேண்டாம். லாரியில் போடுவதைவிடக் கூடுதல் பலன், செலவோ குறைவு.

உர ஆலையும் சுத்திகரிப்பு ஆலையும் ஹைட்ரஜனை எரிபொருளாக வாங்கவில்லை, மூலப்பொருளாக வாங்குகின்றன. அம்மோனியாவுக்குள் ஹைட்ரஜன் அணு போயே ஆகவேண்டும், பேட்டரியை அங்கே வைக்க முடியாது. நம் நாடு வருடத்துக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் பயன்படுத்துகிறது, ஏறக்குறைய அத்தனையும் எரிவாயு போன்ற புதைபடிவ மூலங்களிலிருந்து வருவது. 2023 ஜனவரியில் அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 2030 இலக்கும் 50 லட்சம் டன்தான். அதற்கு மட்டும் ஒன்றே கால் லட்சம் மெகாவாட் புதிய காற்றாலையும் சோலாரும் வேண்டும். அந்த இடத்தை நிரப்பவே இத்தனை மின்சாரம் தேவைப்படும்போது, சாலையில் மூன்று மடங்கு மின்சாரத்தைச் செலவழிப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் நிலத்துக்குக் கூப்பிடு தூரத்தில், தூத்துக்குடியிலேயே அம்மோனியாவும் யூரியாவும் செய்யும் ஆலை இருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் அந்த ஊருக்கு வரட்டும், நிச்சயம் வரட்டும், அந்த வாசலுக்கு வரட்டும்.

"பகலில் சோலார் மின்சாரம் மிச்சமாகி நிறுத்தச் சொல்கிறார்களே, அந்த இலவச மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்யலாமே" என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் மிச்சம் வருவது சில மாதங்களில், சில நாட்களில், சில மணி நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் ஓடும் எலக்ட்ரோலைசர் வருடத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஓடாது. மின்சாரம் இலவசமாகவே கிடைத்தாலும் இயந்திரத்தின் விலை ஒவ்வொரு கிலோவின் தலையிலும் ஏறும்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு வாதம் கொஞ்சம் பலமானது. நாமக்கல்லிலிருந்து குஜராத் போகும் வண்டிக்கு இன்று பேட்டரி ஒத்துவராது, எடையும் சார்ஜ் ஏற்றும் நேரமும் இடிக்கும். அதனால்தான் அரசே சோதித்துப் பார்க்கிறது. 2025 மார்ச்சில் 37 வண்டிகள், ஒன்பது நிரப்பு நிலையங்கள், 10 வழித்தடங்கள் என்று 208 கோடி ரூபாய் ஆதரவோடு முன்னோடித் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த 37-ல் 22 வண்டிகள் ஃபியூயல் செல் இல்லை, ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிப்பவை. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து செய்த அப்படி ஒரு லாரியை 2023 பிப்ரவரியில் காட்டினார்கள். எஞ்சின் வகை விலை குறைவு, வாயு அவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டியதில்லை, மெக்கானிக்குக்கும் பழகிய இயந்திரம். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப் புகை வரும். சத்தீஸ்கரில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 40 டன் ஏற்றும் ஃபியூயல் செல் லாரி ஒன்றையும் 2025 மே மாதம் ஓட்டத்துக்கு விட்டார்கள். ஒரே இடத்துக்குப் போய்த் திரும்பும் வண்டி. இப்படிப்பட்ட மூடிய வட்டத்தில் ஒருவேளை நிற்கும். இந்தச் சோதனைகளின் கணக்கு வெளிவந்து, அது என் கணக்கைப் பொய்யாக்கினால் மாற்றிக்கொள்ளத் தயார். பணம் போட்டு முதலில் சோதிக்கவேண்டியவர் நீங்கள் இல்லை.

எஞ்சின் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. இருக்கிற டீசல் எஞ்சினிலேயே ஹைட்ரஜனை விட்டு ஓட்டலாம் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். டீசல், எஞ்சினுக்குள் அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்குத் தீப்பொறி பிளக்கும் வேறு தலைப்பகுதியும் வேண்டும். இன்னொரு கும்பல் பேட்டரியிலிருந்து தண்ணீரைப் பிரித்து எஞ்சினுக்கு விடும் ஒரு டப்பாவை விற்கிறது, மைலேஜ் 30 சதவீதம் கூடும் என்று சொல்லி. அந்த பேட்டரியை சார்ஜ் செய்வதே அதே எஞ்சினின் ஆல்டர்னேட்டர்தான். டீசலை எரித்து மின்சாரம், அதில் ஹைட்ரஜன், அதை மறுபடி எரிப்பது. ஒவ்வொரு படியிலும் நஷ்டம்தான். ஒரு பட்டறையில் ஒரு ஓட்டுநர் சொந்தச் சேமிப்பிலிருந்து 38,000 ரூபாய் கொடுத்து மாட்டியிருந்ததைப் பார்த்தபோது மனது வலித்தது.

அப்புறம் அந்த ஆறு ஏக்கரை என்ன செய்வது? சோலார் போடுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றரை மெகாவாட்டும் ஒரே நாளில் வேண்டாம். 14 வண்டிகளில் எத்தனை துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே 50, 60 கிலோமீட்டருக்குள் போய்வருகின்றன என்று பாருங்கள். அப்படி இரண்டு வண்டி இருந்தாலும் மின்சார லாரிக்கு மாற்ற அவைதான் சரியானவை. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறார்கள். பழைய டீசல் லாரியை உடைப்புக்கு அனுப்பிய சான்று கேட்பார்கள். வாங்கும் அன்றைக்குத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குஜராத் ஓடும் வண்டிகள் இன்னும் சில வருடம் டீசலிலேயே ஓடட்டும், அதில் ஒரு தவறும் இல்லை.

முதல் வேலையாக, எல்லா வண்டியின் ஜி.பி.எஸ். பதிவையும் மூன்று மாதத்துக்கு எடுங்கள். எந்த வண்டி இரவு எங்கே, எத்தனை மணி நேரம் நின்றது, அந்த நாளில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன் பாரம். இந்த நான்கும் ஒரு நோட்டில் வந்துவிட்டால் அனுப்புங்கள். சார்ஜர் எத்தனை கிலோவாட், எந்த இடத்தில், மின்வாரிய இணைப்பு எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.